நான்கே காய்கள், எட்டவே முடியாத சிப்பாய்: செஸ் ராஜாவுக்குப் புது நடை கற்றுக்கொடுத்த ரிச்சர்ட் ரேட்டி யார்?

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-வது ஆட்டம், அதாவது கடைசி ஆட்டம். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டத்தில் சீனாவின் டிங் லிரென் 55-வது நகர்த்தலாக யானையை எஃப்-2 கட்டத்தில் வைத்தார். எதிரே 18 வயது குகேஷ். யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் என்று வெட்டித் தள்ளினார். பலகையில் மிஞ்சியது இரண்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும்தான். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல். 58-வது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். சென்னைக்கு இன்னொரு உலக சாம்பியன் கிடைத்தார்.

உலகப் பட்டத்தையே தீர்மானித்தது ராணியும் குதிரையும் பறக்கிற ஒரு தாக்குதல் இல்லை. வெறும் ராஜா, வெறும் சிப்பாய். செஸ் கற்றுக்கொள்பவர்களில் பாதிப் பேர் போரடிக்கிறது என்று தாண்டிவிடும் பாடம் இது. இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஆட்டத்தை டிங் தொடங்கியது குதிரையை எஃப்-3-ல் வைத்து. 100 ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் அதே முதல் நகர்த்தலோடு அன்றைய உலக சாம்பியனை வீழ்த்தினார். ராஜா, சிப்பாய் ஆட்டத்தைப் பற்றி உலகமே நினைத்துக்கொண்டிருந்ததை மாற்றியவரும் அவர்தான்.

அவர் பெயர் ரிச்சர்ட் ரேட்டி. ஆங்கில எழுத்துகளைப் பார்த்துவிட்டு ரெட்டி என்று வாசித்து, ஆந்திராக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். இவர் ஐரோப்பாக்காரர். 40 வயதில் இறந்துபோனவர்.

முதலில் புதிரைப் பாருங்கள்

ரேட்டியின் கதைக்குள் போகும் முன் அவர் 1921-ல் வெளியிட்ட புதிரைப் பார்த்துவிடலாம். கையில் செஸ் ஆப் இருந்தால் காய்களை வைத்துப் பார்ப்பது நல்லது. இடமிருந்து வலமாக ஏ முதல் ஹெச் வரை எட்டு வரிசைகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை.

மொத்தம் நான்கே காய்கள். வெள்ளை ராஜா ஹெச்-8-ல், வலது மேல் மூலையில். வெள்ளைச் சிப்பாய் சி-6-ல். கறுப்பு ராஜா ஏ-6-ல். கறுப்புச் சிப்பாய் ஹெச்-5-ல். இப்போது வெள்ளையின் முறை. ஜெயிக்க வேண்டியதில்லை, டிரா செய்தால் போதும்.

பார்த்தவுடன் என்ன தோன்றும்? கதை முடிந்தது என்றுதான். கறுப்புச் சிப்பாய் நான்கு நடையில் ஹெச்-1-ஐத் தொட்டு ராணி ஆகிவிடும். வெள்ளை ராஜா அதைத் துரத்திப் பிடிக்க முடியாது. செஸ் வகுப்பில் இதற்கென்றே ஒரு 'சதுர விதி' சொல்லித் தருவார்கள். ஓடும் சிப்பாயிலிருந்து அதன் கடைசிக் கட்டம் வரை ஒரு பக்கமாக வைத்து மனதில் ஒரு சதுரம் வரையுங்கள். துரத்தும் ராஜா தன் முறையில் அந்தச் சதுரத்துக்குள் கால் வைக்க முடிந்தால் சிப்பாயைப் பிடித்துவிடலாம். முடியாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான். இங்கே சதுரத்தின் மேல் விளிம்பு 5-வது வரிசை. வெள்ளை ராஜா இருப்பது 8-வது வரிசை. ஒரு நடையில் 7-க்குத்தான் வர முடியும். இரண்டு நடை குறைகிறது.

சரி, வெள்ளையின் சொந்தச் சிப்பாயை ஓட்டிப் பார்க்கலாமா? சி-7-க்கு நகர்த்தினால் கறுப்பு ராஜா பி-7-க்கு வந்துவிடும், அடுத்து அதைச் சாப்பிட்டுவிடும். சும்மா இருந்தாலும் பி-6, சி-6 என்று இரண்டே நடையில் சாப்பிட்டுவிடும். அதைக் காப்பாற்றவும் வெள்ளை ராஜா தூரத்தில் இருக்கிறது. எதிரியின் சிப்பாயைப் பிடிக்கவும் முடியாது, தன் சிப்பாயைக் காக்கவும் முடியாது.

ஆனாலும் இது டிரா. எப்படி என்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இதை யோசித்த மனிதரைப் பார்ப்போம்.

19 ஆட்டங்கள், ஒரு வெற்றிகூட இல்லை

ரேட்டி பிறந்தது 1889 மே 28, பஸின் என்ற சிற்றூரில். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த அந்தத் திராட்சைத் தோட்ட ஊர் இன்று ஸ்லோவாக்கியாவில் பெஸினோக் என்ற பெயரில் இருக்கிறது. யூதக் குடும்பம். அப்பா ராணுவத்தில் மருத்துவர். அண்ணன் ருடால்ஃப் பியானோ கலைஞர், இசை ஆய்வாளர். மரபான சுரக் கட்டமைப்பையே உடைத்துப் போட்ட ஷோன்பெர்க்கின் இசைக்கு ஆரம்பத்திலேயே ஆதரவாக நின்றவர்களில் அவரும் ஒருவர். 'இப்படித்தான் செய்ய வேண்டும்' என்ற பழைய விதிகளைக் கேள்வி கேட்பது அந்த வீட்டில் பழக்கமாகவே இருந்திருக்கும் போல.

தம்பி ரிச்சர்ட் கணிதம் படிக்க வியன்னாவுக்கு வந்தார். அன்றைய வியன்னா, காபி கடைகளில் செஸ் கொதித்துக்கொண்டிருந்த நகரம். பெரிய மாஸ்டர்கள் மேஜைக்கு மேஜை உட்கார்ந்திருப்பார்கள். படிக்க வந்த பையன் பலகையில் மூழ்கிப்போனதில் ஆச்சரியமில்லை.

1908-ல் வியன்னாவில் ஒரு பெரிய சர்வதேசப் போட்டி. 20 பேர் ஆடினார்கள். 18 வயது ரேட்டிக்கும் இடம் கிடைத்தது. ரிசல்ட்? 19 ஆட்டங்களில் 16 தோல்வி, 3 டிரா. வெற்றி பூஜ்ஜியம். கடைசி இடம். முதல் பெரிய மேடையிலேயே இப்படி ஆனால் பலர் பலகையை மூடி வைத்துவிட்டுப் படிப்பைப் பார்க்கப் போயிருப்பார்கள். ரேட்டி போகவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1910-ல், அதே வியன்னாவில் டார்டகோவர் என்ற மாஸ்டரோடு நட்பாக ஒரு வேக ஆட்டம். 9-வது நகர்த்தலில் ரேட்டி தன் ராணியைத் தூக்கி எதிரி ராஜாவின் பக்கத்தில் வைத்தார். ராஜா அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும். சாப்பிட்டது. அடுத்த நகர்த்தலில் யானையும் பிஷப்பும் சேர்ந்து இரட்டைச் செக். 11-வது நகர்த்தலில் மேட். யூடியூபில் 'செஸ் ட்ராப்' என்று தேடிப் பாருங்கள், இந்த ஆட்டம் எங்காவது கண்ணில் படும். ரேட்டியின் பெயரைப் பலர் முதலில் கேள்விப்படுவதே இதில்தான். ஆனால் இது விருந்துக் காட்சி. அவருடைய உண்மையான பலம் வேறு இடத்தில் இருந்தது.

மையத்தைப் பிடிக்காமலே மையத்தை ஆள்வது

முதல் உலகப் போர் முடிந்தபோது அவர் பிறந்த பேரரசே வரைபடத்தில் இல்லை. ரேட்டி புதிதாகப் பிறந்த செக்கோஸ்லோவாக்கியாவின் குடிமகன் ஆனார். ஆட்டமும் மாறியிருந்தது. 1918-ல் கஷாவ் நகரப் போட்டியில் முதலிடம். 1920-ல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில், உலகின் முன்னணி மாஸ்டர்கள் கூடிய போட்டியிலும் முதலிடம். 1908-ல் கடைசியில் கிடந்தவர் இவர்தானா என்று கேட்கும் அளவுக்கு முன்னேற்றம்.

அப்போது செஸ்ஸில் ஒரு பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. ஆட்டத் தொடக்கத்தில் சிப்பாய்களை நடுவில் நிறுத்தி மையத்தைப் பிடி என்பதுதான் அதுவரை எல்லோரும் சொல்லித் தந்த பாடம். நிம்சோவிச், பிரேயர், குருன்ஃபெல்ட், ரேட்டி போன்ற இளைஞர்கள் இதை ஏற்கவில்லை. மையத்தில் போய் உட்கார வேண்டிய அவசியமில்லை, ஓரத்தில் இருந்தபடி குதிரையையும் பிஷப்பையும் வைத்தே அதைக் கட்டுப்படுத்தலாம் என்றார்கள். எதிரி மையத்தில் சிப்பாய்களை அடுக்கட்டும், அதுவே நமக்கு இலக்கு. இந்தக் கூட்டத்துக்கு 'ஹைப்பர்மாடர்ன்' என்று பெயர் வந்தது.

அதன் கொள்கையை ஊருக்குப் புரிகிற மாதிரி எழுதியவர் ரேட்டி. 1922-ல் ஜெர்மன் மொழியில் வந்த அவருடைய புத்தகம் செஸ்ஸின் நவீனச் சிந்தனைகளைப் பற்றியது. இப்படி ஆடு, அப்படி ஆடு என்று சொல்லும் கைடு இல்லை அது. ஆண்டர்சன், மார்ஃபி காலத்திலிருந்து செஸ் வீரர்களின் சிந்தனை எப்படி மாறி வந்தது என்பதைக் கதைபோல் சொல்கிறது. இன்றும் அச்சில் இருக்கிறது, இன்றும் படிக்கலாம்.

ரேட்டிக்கு இன்னொரு முகமும் இருந்தது. போட்டிக்குப் போகாத நேரங்களில் எண்ட்கேம் புதிர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தார். போட்டி ஆடுபவர்கள் ஒரு ரகம், புதிர் செய்பவர்கள் இன்னொரு ரகம். இரண்டிலும் உச்சம் தொட்டவர்கள் அபூர்வம்.

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்

இப்போது தள்ளி வைத்த புதிருக்கு வருவோம். வெள்ளை ராஜா ஹெச்-8-ல். விடையின் முதல் நகர்த்தல் ஜி-7. அதாவது கறுப்புச் சிப்பாயை நோக்கி நேராகக் கீழே இறங்காமல் குறுக்காக ஒரு அடி.

கறுப்புச் சிப்பாய் ஹெச்-4-க்கு ஓடுகிறது. ராஜா மறுபடியும் குறுக்காக எஃப்-6. இன்னும் இரண்டு சிப்பாய்க்கும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் கறுப்புக்கு இங்கே ஒரு நெருக்கடி வந்துவிட்டது.

சிப்பாயை மேலும் ஹெச்-3-க்கு ஓட்டினால், வெள்ளை ராஜா இ-7-க்குப் போகிறது. அங்கிருந்து டி-7 ஒரே அடி. டி-7-ல் நின்றுவிட்டால் தன் சிப்பாய்க்குக் காவல். கறுப்பு ராணி ஆகும் அடுத்த நகர்த்தலிலேயே வெள்ளையும் ராணி ஆகிவிடும். ஆளுக்கொரு ராணி, டிரா.

அதனால் கறுப்பு கொஞ்சம் யோசித்து, முதலில் அந்த வெள்ளைச் சிப்பாயின் தொல்லையை முடிப்போம் என்று ராஜாவை பி-6-க்குக் கொண்டுவருகிறது. இப்போது வெள்ளை ராஜா இ-5. மூன்றாவது முறையாகக் குறுக்காக. இந்த இ-5-தான் புதிரின் உயிர். இங்கிருந்து ஒரு பக்கம் டி-6, தன் சிப்பாயைக் காக்க. இன்னொரு பக்கம் எஃப்-4, எதிரியின் சிப்பாயைப் பிடிக்க. இரண்டும் ஒரே அடி தூரம். கறுப்பு ராஜா சி-6-ல் சிப்பாயைச் சாப்பிட்டால் வெள்ளை எஃப்-4-க்குப் போய்விடும். ஹெச்-4-ல் இருந்த சிப்பாய் 3-க்கு ஓடும், ராஜா ஜி-3. சிப்பாய் 2-க்கு ஓடும், ராஜா அதைச் சாப்பிடும். டிரா. சாப்பிடாமல் கறுப்புச் சிப்பாய் ஓடினால் வெள்ளை ராஜா டி-6-க்குப் போகும், இரண்டு பக்கமும் ராணி வரும். அதுவும் டிரா.

எப்படி இது சாத்தியமாகிறது? பள்ளியில் படித்த கணக்கு இங்கே நம்மை ஏமாற்றுகிறது. தரையில் நேர்கோடுதான் மிகக் குறைந்த தூரம். குறுக்கே போய்த் திரும்பினால் கூடுதல். ஆனால் செஸ் ராஜாவுக்கு நேராக ஒரு கட்டம் போனாலும் ஒரு நடைதான், மூலைவிட்டமாகப் போனாலும் ஒரு நடைதான். ஹெச்-8-லிருந்து எஃப்-4-க்குப் போகக் குறைந்தது நான்கு நடை. நேராக இறங்கிக் கடைசியில் திரும்பினாலும் நான்கு. இ-5 வழியாகச் சுற்றினாலும் அதே நான்கு. கண்ணுக்குச் சுற்று வழியாகத் தெரிவது பலகையில் சுற்று வழியே இல்லை. ஆக, ராஜா கூடுதல் செலவில்லாமல் தன் சிப்பாயின் பக்கமும் போய் வந்துவிட்டது. அந்த மிரட்டலுக்குப் பயந்து கறுப்பு தன் ராஜாவை இரண்டு முறை நகர்த்தியது. முதலில் குறைந்த இரண்டு நடை அங்கேதான் திரும்பக் கிடைத்தது.

கணிதம் படித்த மனிதர் கண்ணில் இது பட்டது தற்செயல் இல்லை என்றே தோன்றுகிறது. இத்தனைக்கும் இதில் மறைப்பதற்கு எதுவுமே இல்லை. ராணி தியாகம் கிடையாது, பொறி கிடையாது. நான்கு காய்களும் கண் முன்னே இருக்கின்றன. அன்றைய மாஸ்டர்களுக்கு இந்தப் புதிர் அதிர்ச்சியாக இருந்ததற்குக் காரணமே அதுதான்.

டிராவுக்கு மட்டும்தானா?

இல்லை. அதே கணக்கு ஜெயிக்கவும் உதவும். அதைத் தவறவிட்டால் கையில் இருக்கும் வெற்றியும் போய்விடும். ரேட்டியின் புதிர் வந்த அதே 1921-ல் பெர்லினில் அது நடந்தது.

வில்லி ஷ்லாகே, கார்ல் ஆஹூஸ் என்ற இரண்டு ஜெர்மன் வீரர்கள். பலகையில் மறுபடியும் நான்கே காய்கள். வெள்ளைச் சிப்பாய் ஏ-6-ல், அதன் எதிரே முட்டிக்கொண்டு கறுப்புச் சிப்பாய் ஏ-7-ல். வெள்ளை ராஜா இ-6-ல், கறுப்பு ராஜா சி-3-ல். வெள்ளையின் முறை. வெள்ளையின் வேலை எளிமையானது, ஏ-7 சிப்பாயைப் போய்ச் சாப்பிட வேண்டும். நான்கு நடை. ஆனால் சாப்பிட்டவுடன் கறுப்பு ராஜா சி-7-ல் வந்து நின்றுவிட்டால், வெள்ளை ராஜா ஓரத்திலேயே சிக்கிக்கொள்ளும், தன் சிப்பாய்க்குத் தானே தடையாகும். டிரா.

ஷ்லாகே நேராக டி-6-க்குப் போனார். யாராக இருந்தாலும் அப்படித்தான் போவார்கள். கறுப்பு ராஜா டி-4, இ-5, டி-6 என்று வெள்ளை ராஜாவுக்குப் பின்னாலேயே சுற்றி வந்து, சரியான நேரத்தில் சி-7-ல் போய் நின்றது. டிரா.

ஜெயிக்கும் வழி டி-5. கீழ்நோக்கிக் குறுக்காக ஒரு அடி. அங்கிருந்தும் ஏ-7-க்கு மொத்தம் அதே நான்கு நடைதான். ஆனால் டி-5-ல் நிற்கும் ராஜா, கறுப்பு ராஜாவுக்குத் தேவையான டி-4, சி-4 இரண்டையும் அடைத்துவிடுகிறது. பேருந்தில் ஏறும்போது தோளைக் கொடுத்துப் பக்கத்து ஆளை நகரவிடாமல் செய்வது மாதிரி. கறுப்பு ராஜா எந்தப் பக்கம் போனாலும் ஒரு நடை பிந்திவிடும். வெள்ளைச் சிப்பாய் ராணி ஆகிவிடும். தன் வேலையைப் பார்க்கப் போகிற வழியிலேயே எதிரியின் வழியையும் அடைப்பது. செலவு பூஜ்ஜியம், லாபம் முழுப் புள்ளி.

(இந்த ஷ்லாகேவுக்கு வேறொரு புகழும் உண்டு. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தில் விண்வெளி வீரரைக் கம்ப்யூட்டர் தோற்கடிக்கும் ஒரு செஸ் காட்சி வரும். அது 1910-ல் ஹாம்பர்க்கில் ஷ்லாகே வென்ற ஒரு ஆட்டம்.)

ரேட்டி இன்னொரு வியப்பையும் செய்து காட்டினார். இது ராஜா, சிப்பாயோடு ஒரு யானையும் சேர்ந்த புதிர். வெள்ளை ராஜா இ-7, வெள்ளை யானை டி-4. கறுப்பு ராஜா இ-5, கறுப்புச் சிப்பாய் டி-5. யானையைக் கறுப்பு ராஜா மிரட்டுகிறது, நகர்த்தியாக வேண்டும். எங்கே? சிப்பாய்க்கு முன்னால் தூரமாக டி-1-ல் வைப்பதுதான் எல்லோரும் செய்வது. அப்படி வைத்தால் டிரா. டி-2-ல் வைத்தால் வெற்றி. சிப்பாய் முன்னே வந்ததும் அதே யானையை டி-1-க்கு இறக்க வேண்டும். அதாவது ஒரே நடையில் போகக்கூடிய இடத்துக்கு வேண்டுமென்றே இரண்டு நடையில் போவது. ஏன்? முதல் வழியில் போனால் முக்கியமான கட்டத்தில் நகர்த்த வேண்டிய முறை வெள்ளைக்கு வருகிறது. இரண்டாவது வழியில் போனால் அதே நிலை, ஆனால் முறை கறுப்புக்கு. கறுப்பு ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். அது எந்தப் பக்கம் விலகினாலும் வெள்ளை ராஜா மறுபக்கம் வழியாகப் புகுந்துவிடும். வேகமாகப் போனவருக்கு டிரா, ஒரு நடை தாமதித்தவருக்கு வெற்றி!

நியூயார்க், 1924

அப்போது உலக சாம்பியன் கியூபாவின் காப்பாபிளாங்கா. அவரைச் செஸ் மெஷின் என்றே அழைத்தார்கள். 1916-க்குப் பிறகு அவர் ஒரு போட்டி ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. எட்டு ஆண்டுகள்! எண்ட்கேமில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பது ஊரறிந்த விஷயம்.

1924 மார்ச் 22, நியூயார்க் போட்டியின் ஐந்தாவது சுற்று. ரேட்டிக்கு வெள்ளைக் காய்கள். குதிரையை எஃப்-3-ல் வைத்துத் தொடங்கினார். மையத்தில் சிப்பாயை வைக்கவில்லை. இரண்டு பிஷப்புகளையும் இரண்டு ஓரங்களில் நிறுத்தி, தூரத்திலிருந்தே நடுவைக் குறிவைத்தார். 31-வது நகர்த்தலில் காப்பாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார். உலக சாம்பியன் ஆன பிறகு அவர் சந்தித்த முதல் தோல்வி அது. பைத்தியக்கார யோசனை என்று கிண்டல் செய்யப்பட்ட ஒரு பாணி, உலக சாம்பியனையே சாய்த்துவிட்டது. இன்று அந்தத் தொடக்கத்துக்கே 'ரேட்டி ஓப்பனிங்' என்றுதான் பெயர்.

அதே போட்டியில் போகோல்யூபோவை 25 நகர்த்தல்களில் வென்ற ஆட்டத்துக்கு, மிக அழகான ஆட்டம் என்ற முதல் பரிசும் ரேட்டிக்கே கிடைத்தது. ஆனால் போட்டியில் அவர் ஐந்தாவதுதான் வந்தார். முதலிடம் 55 வயது லாஸ்கருக்கு. ரேட்டியின் கணக்கு பெரும்பாலும் இப்படித்தான். ஒரு நாள் உலகமே திரும்பிப் பார்க்கும், அடுத்த சில நாள் புள்ளி வராது. உலகப் பட்டத்துக்கான ஆட்டம் வரை அவர் போனதே இல்லை. அடுத்த ஆண்டு பாடன்-பாடன் நகரில் அலெகைன் அவரை வென்ற ஆட்டம், செஸ் வரலாற்றின் மிக அழகான ஆட்டங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. அதில் தோற்ற பக்கத்தில் இருந்தவர் என்ற வகையிலும் ரேட்டியின் பெயர் நிற்கிறது.

பலகையைப் பார்க்காமலே 29 பேரோடு

1925-ல் அலெகைன் பாரிஸில் பலகையைப் பார்க்காமல் ஒரே நேரத்தில் 28 பேருடன் ஆடி உலக சாதனை படைத்தார். அதே ஆண்டு ரேட்டி பிரேசிலின் சாவ் பாவ்லோவில் 29 பேருடன் ஆடினார். 29 பலகைகள், ஒவ்வொன்றிலும் 32 காய்கள், எல்லாமே மனதுக்குள். 21 வெற்றி, 6 டிரா, 2 தோல்வி. புதிய உலக சாதனை.

அன்று நிகழ்ச்சி முடிந்து கிளம்பும்போது தன் கைப்பெட்டியை அங்கேயே மறந்துவிட்டார் என்றும், அதை எடுத்துக் கொடுத்தவரிடம் தனக்கு ஞாபகசக்தி ரொம்ப மோசம் என்று வருத்தப்பட்டார் என்றும் செஸ் உலகில் ஒரு கதை உண்டு. நடந்ததோ, யாராவது சேர்த்துவிட்டதோ, அவரைத் தெரிந்தவர்களுக்கு அது நம்பும்படியாகத்தான் இருந்தது.

ரஷ்யக் கவிஞர் செர்கேய் கொரோதெத்ஸ்கியின் மகள் ரோக்னெதாவை ரேட்டி மணந்தார். 1927-ல் லண்டனில் முதல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் பலகையில் ஆடியவர் அவர்தான். கடைசி ஆண்டுகளில் போட்டிகளுக்கு நடுவே எண்ட்கேம் புதிர்கள் மீண்டும் நிறைய வந்தன. பல, அந்த 1921 யோசனையின் உறவினர்கள். ராஜா ஒரு வேலைக்குப் போவதுபோல் கிளம்பும், இரண்டு வேலையை முடித்துவிட்டு நிற்கும்.

வீரர்களின் ஆட்டத்தை ஒவ்வொருவராக எடுத்து விளக்கும் பெரிய புத்தகம் ஒன்றையும் எழுதிக்கொண்டிருந்தார். அது வெளிவந்ததை அவர் பார்க்கவில்லை. 1929 ஜூன் 6 அன்று பிராக் நகரில் ஸ்கார்லெட் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது. 40-வது பிறந்தநாள் முடிந்து ஒன்பதே நாள். தொண்டையில் தொடங்கும் இந்தப் பாக்டீரியா தொற்று இன்று சில நாள் ஆன்டிபயாடிக் மாத்திரையில் சரியாகிவிடும். பென்சிலினை ஃபிளெமிங் கண்டுபிடித்தது 1928-ல்தான். அது மருந்தாக நோயாளிகளின் கைக்கு வர இன்னும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது.

புத்தகம் 1930-ல் வந்தது. நண்பரும் புதிர் கலைஞருமான ஆர்தர் மாண்ட்லர், ரேட்டியின் எண்ட்கேம் புதிர்களை எல்லாம் திரட்டி 1931-ல் தனி நூலாக்கினார். ரேட்டியின் அஸ்தி வியன்னாவின் மத்தியக் கல்லறைத் தோட்டத்தில், யூதர்களுக்கான பகுதியில், அப்பாவின் கல்லறையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

இன்று எந்த எண்ட்கேம் புத்தகத்தை எடுத்தாலும் ஹெச்-8-ல் நிற்கும் அந்த வெள்ளை ராஜாவைப் பார்க்கலாம். செஸ் ஆப்களில் உள்ள இன்ஜின்கள் அதை நொடியில் தீர்த்துவிடும். முதல் முறை பார்க்கிற மனிதர்கள் மட்டும் இன்னமும் ஹெச்-7-க்குத்தான் நகர்த்துகிறார்கள்.